நாற்பத்தைந்தில் ஒன்று

நுழையும்முன்

பெரிய பொருள்களைச் சிறிய உருவில் செய்து பார்ப்பது மனிதரின் பழைய விருப்பங்களுள் ஒன்று. கைத்திறனால் மட்டுமே நிகழ்ந்துவந்த அப்பணியில் இன்று ஒளியால் அளக்கும் வருடியும், அடுக்கடுக்காக உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியும் இணைந்துள்ளன. கருவி வந்தபின் கைக்கு என்ன வேலை? நீலகிரி மலைத் தொடர்வண்டியின் நீராவிப் பொறி ஒன்றைச் சிற்றுருவாகச் செய்த பட்டறிவின் வழியே அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

சிறுதேரும் சிற்றுருவும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நிறைவாக அமைவது சிறுதேர்ப் பருவம். குழந்தை உருட்டும் தேர் கோயில் தேரன்று. ஆயினும் அதற்கும் சக்கரம் உண்டு, அச்சு உண்டு, இழுக்கக் கயிறு உண்டு. பெரிய தேரைக் கண்ட கண்தான் சிறிய தேரை ஆக்குகிறது. சிற்றுருக் கலையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எனினும் விளையாட்டுப் பொருளுக்கும் சிற்றுருவுக்கும் இடையில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டின் பெயர் அளவு. விளையாட்டுத் தேரின் சக்கரம் சற்றுப் பெரிதாக இருந்தால் குழந்தை வருந்துவதில்லை. சிற்றுருவில் எல்லா உறுப்புகளும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். கோவையில் பொறியியல் வரைபடம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட எனக்குச் சிற்றுருக்கள் செய்வது நெடுநாள் விருப்பம். நான் கையாளும் விகிதம் 1:45. அதாவது, உண்மைப் பொருளின் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு.

அவ்விகிதத்தில் நான் செய்ய விரும்பியது நீலகிரி மலையேறும் நீராவிப் பொறி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கி.மீ. செல்லும் அம்மலைப்பாதை 1908ஆம் ஆண்டு முழுமை பெற்றது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையானது. ஏறக்குறைய பன்னிரண்டு அடி சென்றால் ஓர் அடி உயரும். வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பொறியின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. பொறியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நீராவி உருளைகள் உள்ளன. கீழ் உருளைகள் வழக்கமான சக்கரங்களையும், மேல் உருளைகள் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. கீழ் உருளையில் வேலை செய்து முடித்த நீராவியே மேல் உருளைக்குச் சென்று மீண்டும் உழைக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவை இப்பொறிகள். பிற்காலத்தில் நம் பொன்மலைப் பணிமனையும் அவ்வகைப் பொறிகளைப் புதிதாகக் கட்டியது.

இத்தகைய பொறியின் பக்கத்தோற்றம் கம்பிகளும் தண்டுகளும் குழாய்களும் பின்னிய ஒரு காடு. அளவுநாடாவால் அதனை அளந்து முடிக்க ஓராண்டு போதாது. அதனால்தான் வருடியை நாடினேன்.

உருவைப் படியெடுக்கும் கனவு

ஓர் உருவைக் கருவியால் படியெடுக்கும் எண்ணம் கணினிக்கு மிக முந்தியது. நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் தம் முதுமைக்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பர்மிங்காம் அருகே தம் வீட்டு மேல்மாடி அறையில் சிலைகளைப் படியெடுக்கும் பொறிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒருமுனை மூலச்சிலையின் மேற்பரப்பைத் தடவிச் செல்ல, மறுமுனையிலுள்ள வெட்டுங்கருவி அதே உருவைக் கல்லில் செதுக்கும். ஒரு பொறி அதே அளவிலும் மற்றொன்று சிறிய அளவிலும் படியெடுத்தன. 1819இல் அவர் மறைந்தார். அவ்வறை இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

தொட்டு அளந்த வாட்டுக்குப் பின், தொடாமல் அளக்கும் வழியைப் பிறர் தேடினர். 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் தேவாலயம் ஒன்றை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளைஞர் உயரத்திலிருந்து விழப்பார்த்து உயிர்தப்பினார். கட்டடத்தில் ஏறி அளப்பதற்கு மாறாக அதன் ஒளிப்படங்களை அளந்தாலென்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் பாரிசில் பிரான்சுவா வில்லெம் என்னும் சிற்பி, ஒருவரை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் 24 ஒளிப்படக் கருவிகளை வைத்து ஒரே வேளையில் படமெடுத்தார். அப்படங்களின் புறக்கோடுகளைக் கொண்டு அவரது உருவச் சிலையை வடித்தார்.

அச்சுப்பொறியின் வரலாறு அண்மையது. ஒளிபட்டால் இறுகும் பிசினைக்கொண்டு அடுக்கடுக்காகத் திண்மப் பொருளை உருவாக்கும் முறையை 1981இல் ஜப்பானியர் ஹிடியோ கொடாமா வெளியிட்டார். அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்றார். அன்று பெருந்தொழிற்கூடங்களில் மட்டுமே இருந்த அக்கருவி இன்று என் படிப்பறை மேசையின் ஒரு மூலையில் அடங்கியிருக்கிறது.

துருவா? தறையாணியா?

காட்சிக்காக நிறுத்தப்பட்டுள்ள பழைய மலைப்பொறி ஒன்றை உரிய இசைவு பெற்று வருடினேன். மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் அடித்தால் நிழல் விழும். நிழலை ஒரு விளிம்பு என்று கணினி எண்ணிவிடும். பொறியைச் சுற்றிச்சுற்றி வந்து அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தேன். அடுத்தடுத்த இரு படங்களில் பெரும்பகுதி பொதுவாக இருக்க வேண்டும். நம் இரு கண்கள் இரு கோணங்களில் கண்டு தொலைவை உணர்வதுபோல, ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று கண்டு கணினி அதன் இடத்தைக் கணக்கிடுகிறது. நுண்ணிய உறுப்புகளுக்கு மட்டும் ஒளிக்கோடுகளை வீசி அவற்றின் வளைவைக்கொண்டு மேடுபள்ளத்தை அறியும் கைவருடியைப் பயன்படுத்தினேன்.

இங்கு ஒரு வியப்பு. அறுநூறு படங்களும் சேர்ந்து பொறியின் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லா. படத்திலுள்ளது மலைப்பொறியா, மேசைப் பொம்மையா என்று கணினிக்குத் தெரியாது. அதனால் பொறியின் அருகே ஒரு மீட்டர் கோல் ஒன்றைக் கிடத்திப் படமெடுத்தேன். அந்த ஒரு கோல்தான் மற்ற எல்லாவற்றிற்கும் அளவை வழங்கியது.

கணினித் திரையில் பொறி முதலில் கோடிக்கணக்கான புள்ளிகளின் திரளாகத் தோன்றியது. பிறகு புள்ளிகள் இணைந்து வலையாயின. வலையில் ஓட்டைகள் பல. சக்கரங்களின் பின்புறத்தை எந்தப் படமும் கண்டிருக்கவில்லை. கரிய, எண்ணெய் படிந்த, பளபளக்கும் பரப்புகள் ஒளியை விழுங்கின. அல்லது வேறுபுறம் சிதறடித்தன. அத்தகைய இடங்களில் தட்டையான தகடுகூடக் கொந்தளிக்கும் நீர்போலக் காணப்பட்டது.

மாலைதோறும் அமர்ந்து திருத்தினேன். ஒவ்வொரு புடைப்பின் முன்னும் ஒரே வினா: இது தறையாணியின் தலையா, துருவின் கட்டியா? வருடிக்கு இரண்டும் ஒன்றே. வரிசையில் சீரான இடைவெளியில் இருந்தால் அது தறையாணி. வரிசை தப்பினால் துரு. அதைத் தீர்மானிக்க அங்கே யார், எதற்காக, எவ்வாறு ஆணி அறைந்திருப்பார் என்று அறிந்திருக்க வேண்டும். கருவி காட்டியதை வைத்துக்கொண்டு முடிவுசெய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. வலையை அப்படியே அச்சிடாமல், அதனைக் கீழே வைத்து அதன்மேல் ஒவ்வோர் உறுப்பையும் புதிதாக வரைந்தேன்.

தெரிந்து தெளிவோம்
1:45 விகிதத்தில்,
இருப்புப்பாதையின் அகலம் 1000 மி.மீ. – சிற்றுருவில் 22.2 மி.மீ.
20 மி.மீ. விட்டமுள்ள தறையாணித் தலை – சிற்றுருவில் 0.44 மி.மீ.
5 மி.மீ. தடிப்புள்ள தகடு – சிற்றுருவில் 0.11 மி.மீ.
அச்சுப்பொறி இடும் ஓர் அடுக்கு 0.05 மி.மீ. – உண்மைப் பொருளில் 2.25 மி.மீ.

இல்லாததை யார் அளப்பது?

திருத்தம் முடியும் தறுவாயில் ஒரு தடை வந்தது. கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் குழாய், கொதிகலனைச் சந்திக்கும் இடத்தில் ஒரு தடுப்பிதழ் இருக்கும். உள்ளே செல்லும் நீர் மீண்டும் வெளியேறாதவாறு அது காக்கும். அந்த இதழைப் பொதிந்திருக்கும் வார்ப்புறை கொதிகலனின் பக்கத்தில் கண்ணைக் கவரும்படி அமைவது. நான் வருடிய பொறியில் இருபுறமும் அது இல்லை. எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. ஒருபுறமாவது இருந்திருந்தால் அதன் எதிருருவைக் கணினியிலேயே ஆக்கிக்கொள்ளலாம். இப்போது எஞ்சியிருந்தவை அதனைப் பொருத்திய தட்டும், மரையாணித் துளைகளும், இரண்டு பழைய ஒளிப்படங்களும் மட்டுமே. இருப்பதை மட்டுமே வருடி அளக்கும். இல்லாததை யார் அளப்பது?

என் தந்தையார் கோவை வார்ப்படச்சாலைகளில் நாற்பது ஆண்டுகள் மரவடிவம் செய்தவர். உருகிய உலோகத்தை ஊற்ற மணலில் அச்சு வேண்டும். அந்த அச்சைப் பதிக்க மரத்தில் ஓர் உரு வேண்டும். அதனைப் பட்டறைகளில் ‘பேட்டர்ன்’ என்றே சொல்வார்கள். தேக்கில் எத்தனையோ எக்கி உறைகளையும் சக்கரங்களையும் வடித்த அவர், கை நடுக்கம் வந்தபின் உளிப்பெட்டியைப் பூட்டிவைத்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. பட்டறை பற்றிய பேச்சையே அவர் தவிர்த்துவந்தார்.

அவ்விரு படங்களையும் அவரிடம் காட்டினேன். உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி உருவத்தைப் பற்றியதன்று.

“எதுல வார்க்கப்போற கண்ணு? பித்தளையா, இரும்பா?”

“பித்தளையிலதாங்கப்பா.”

தலையசைத்தார். பிறகு படத்தில் எனக்குத் தெரியாதவற்றையெல்லாம் அவர் படிக்கத் தொடங்கினார். உருகிய உலோகம் கூரிய உள்மூலையை விரும்பாது. ஆறும்போது அங்கே விரிசல் விடும். ஆதலால், படத்தில் இருளாக இருக்கும் அந்த இணைப்பு உருண்டுதான் இருந்திருக்க வேண்டும். மணலிலிருந்து உருவை உடையாமல் எடுக்கப் பக்கங்கள் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தச் சுவர் செங்குத்தாக இருந்திருக்காது. மெல்லிய ஒரு கோடு நடுவே ஓடுகிறதே, அது கீறலன்று. அச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடம். ஒளிப்படத்தில் நான் கண்டது நிழல். அவர் கண்டது அவ்வுறை பிறந்த விதம்.

நடுக்கம் சுருங்கிய கதை

“நீங்களே செய்து தாருங்கள்” என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. ஐந்தரை மில்லிமீட்டர் உறுப்பை இந்தக் கையால் எப்படிச் செய்வது என்பது அவர் சொல்லாமல் சொன்ன வினா.

சிறியதாகச் செய்ய வேண்டியதில்லை என்றேன். உண்மையளவிலேயே, ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் மரத்தில் செய்தால் போதும். அதனை வருடி, கணினியில் நாற்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்து அச்சிடலாம். உருவம் குறையும்போது பிழையும் அதே விகிதத்தில் குறையும். உளி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சிற்றுருவில் அது 0.02 மில்லிமீட்டர்தான், அச்சுப்பொறியின் ஓர் அடுக்குக்கும் குறைவு. நாணயங்களின் உருவங்களையும் சிற்பிகள் முதலில் பெரிதாகச் செய்தே பின் கருவியால் சுருக்கி வந்துள்ளனர்.

காகிதத்தில் அந்த வகுத்தலை அவரே ஒருமுறை செய்து பார்த்தார். மறுநாள் காலை உளிப்பெட்டி திறந்திருந்தது.

பெட்டியிலிருந்து அவர் எடுத்த அளவுகோல்களுள் ஒன்று என்னைக் கவர்ந்தது. இரண்டடி என்று குறிக்கப்பட்ட அக்கோல் உண்மையில் இரண்டடியைவிடச் சற்று நீளம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். பித்தளை அதனினும் அதிகமாகச் சுருங்கும். அச்சுருக்கத்தை ஈடுசெய்யவே மரவடிவத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்கிடாமலிருக்க, அளவுகோலையே உலோகத்துக்கேற்ப நீட்டிச் செய்திருக்கிறார்கள். வார்ப்பு மெய்யான அளவில் அமைவதற்காகவே பொய்யளவு காட்டும் கோல் அது.

அதைக் கண்டதும் என் அச்சுப்பொறி நினைவுக்கு வந்தது. பிசினும் இறுகும்போது சுருங்குகிறது. சோதனைக்காக அச்சிட்ட துண்டுகளை, நீங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் கையாளும் அதே வெர்னியர் அளவியால் அளந்து, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கண்டறிந்திருந்தேன். அந்த எண்ணைக் கணினியில் பதித்திருப்பதாகச் சொன்னேன். அவர் உடனே கோலைக் கீழே வைத்துவிட்டு, சாதாரண அளவுகோலை எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு எடத்துல கூட்டிடாத கண்ணு. ஒருத்தர்தான் கூட்டோணும்.”

மரத்திலும் கூட்டி, கணினியிலும் கூட்டினால் உறுப்பு பெருத்துவிடும். யார் கூட்டுவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது பட்டறை ஒழுக்கம். அதனால்தான் எந்த உலோகம் என்பதை முதலில் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

பன்னிரண்டு நாளில் மரவுறை உருவாயிற்று. அதனை வருடி, குறைத்து, எரித்தால் சாம்பல் எஞ்சாத பிசினில் அச்சிட்டேன். ஒளி படப்பட, அடுக்கின்மேல் அடுக்காகத் தொட்டியிலிருந்து தலைகீழாக எழுந்துவந்தது அது. இறுகாத பிசின் தோலுக்குத் தீங்கானது. கையுறை அணிந்து, சாராயக் கரைசலில் கழுவி, மீண்டும் ஒளியில் காட்டி இறுக்கினேன். பிறகு அதனைச் சுற்றிச் சுதைப்பொடிக் குழம்பை ஊற்றிச் சூளையில் சுட, பிசின் எரிந்து மறைந்தது. எஞ்சிய வெற்றிடத்தில் பித்தளை நிரம்பியது. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கும் அதே நெறிதான் இது. மெழுகின் இடத்தில் பிசின் வந்திருக்கிறது.

ஒரு நெல்மணியளவே இருந்த அப்பித்தளை உறையை அப்பா உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்தார். அச்சின் பாதிகள் சந்திக்கும் கோட்டைத் தேடினார். அது இருந்தது. “பரவால்ல” என்றார். நாற்பதாண்டுகளில் தம் வேலையைப் பற்றி அவர் சொல்லிக் கேட்ட மிகப்பெரிய பாராட்டு அதுதான்.

அளவும் உண்மையும்

சிற்றுரு செய்பவர் எல்லாவற்றையும் விகிதப்படி குறைத்துவிட முடியாது. ஐந்து மில்லிமீட்டர்த் தகட்டை 0.11 மில்லிமீட்டரில் அச்சிட்டால் மூச்சுக்காற்றில் உடையும். எனவே தகட்டின் உட்பகுதியைத் தடிப்பாக விட்டு, கண்ணில் படும் விளிம்பை மட்டும் மெலிதாக்குகிறோம். கைப்பிடிக் கம்பிகளைப் பிசினில் அச்சிடாமல் பித்தளைக் கம்பியால் அமைக்கிறோம். இவை ஏமாற்றல்ல, அப்பாவின் அளவுகோலைப் போல, மெய்ம்மைக்காக ஏற்கும் விலகல்கள்.

ஆனால் விலகியதை மறைப்பது வேறு. வருடிய பதிவை எவ்விதத் திருத்தமுமின்றி, பள்ளமும் துருவும் ஓட்டையுமாக அப்படியே தனியே சேமித்துள்ளேன். திருத்திய வரைவுகளோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்திருக்கிறேன். எவை அளந்தவை, எவை எதிருருவாக ஆக்கியவை, எவை ஊகித்தவை என்று அதில் உறுப்புவாரியாக எழுதியுள்ளேன். தடுப்பிதழ் உறைக்கு நேரே, எந்தப் படங்களிலிருந்து, எந்தக் காரணங்களால் அவ்வடிவம் முடிவாயிற்று என்பது அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுத்து நடுங்கியிருக்கிறது, செய்தி தெளிவாக இருக்கிறது. நாளை உண்மையான உறை எங்கேனும் கிடைத்தால், எங்கள் ஊகத்தை நீக்கிவிட்டு அதனைப் பொருத்திக்கொள்ள யாராலும் இயலும்.

இது சிறிய செய்தியன்று. 2019 ஏப்ரலில் பாரிசின் நோத்ர தாம் தேவாலயம் தீப்பற்றியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றாசிரியர் லேசர் வருடியால் அதனை அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். தீயைக் காண அவர் உயிரோடு இல்லை. அவரது அளவுகள் மீட்டெடுப்புப் பணிக்குத் துணைநின்றன. ஆயினும் கருகிய கூரையின் ஓக்கு விட்டங்களை மீண்டும் ஆக்கக் கோடரி பிடிக்கத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். புள்ளிகள் எங்கே என்று சொல்லும். எப்படி என்று கைதான் சொல்லும்.

உங்கள் ஊரிலும் அளக்கப்படாத பொருள்கள் பல இருக்கும். கவனிப்பாரற்ற ஏற்றம், பழைய செக்கு, தேரின் மரச்சக்கரம், பாட்டி வீட்டு நெற்குதிர் என அவை உருத்தெரியாமல் மறைந்துவருகின்றன. ஒரு கைப்பேசியும் ஓர் அளவுகோலும் மேகமூட்டமான ஒரு காலைப்பொழுதும் இருந்தால் நீங்களே அவற்றைப் பதிவுசெய்யலாம். பதிவுசெய்யும்போது, அதைச் செய்தவரோ, செய்தவரைக் கண்டவரோ ஊரில் எவரேனும் இருந்தால் அவரருகே சற்று உட்காருங்கள். எந்த மரம், எந்தப் பருவத்தில் வெட்டியது, ஏன் இந்த இடத்தில் வளைவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருளை நாளையும் வருடலாம். அவர் சொல்வதை இன்றே கேட்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை அளந்து, 1:10 விகிதத்தில் அட்டையால் அதன் சிற்றுருவைச் செய்க.
2. உங்கள் ஊரிலுள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் அளவுக் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.